முடிவிலி, அநாதி, தொடக்கமிலி

"காலம் முடிவிலியா மாமா?" என்று விக்கிரமசிங்கபுரத்தில் பிளஸ் டூ படிக்கும் என் தங்கை மகள் கேட்டாள். அவள் அறிய விரும்பியது காலத்தின் முடிவை அன்று, அதற்குத் தொடக்கம் உண்டா என்பதை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வழங்குவது நம் பிழை.

முடிவிலி என்பது முடிவு, இலி என்னும் இரண்டும் சேர்ந்தது. ஏதிலி, நாணிலி போன்ற ஆக்கம். அனந்தமும் அந்தம் இல்லாததே. இன்ஃபினிட்டியின் இலத்தீன் மூலமும் எல்லையின்மையைத்தான் சொல்கிறது. படுத்த எட்டுப் போன்ற அதன் குறியை 1655இல் ஜான் வாலிஸ் வழங்கினார். கந்தழி என்றும் சிலர் எழுதுவர். கந்து என்றால் தூண், பற்றுக்கோடு. தொல்காப்பியத்தில் வரும் அந்த அருஞ்சொல், பற்றுக்கோடு கடந்த பரம்பொருளுக்கே இருக்கட்டும், எண்ணுக்கு வேண்டாம்.

ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிக்கொண்டே போனால் முடிவில்லை. முடிவிலி அங்கே பொருந்தும். சென்ற காலத்தின் நிலை வேறு. இன்று என்னும் முடிவு அதற்கு உண்டு; தொடக்கம்தான் இல்லாமல் இருக்கலாம். புன்னைக்காயலில் கடல் சேரும் பொருநை ஆற்றைப் பார்த்துவிட்டு மேற்கே நடக்கிறோம், எவ்வளவு நடந்தும் அது பிறக்கும் பொதிகை வரவில்லை என்றால் எப்படியோ, அப்படி. இதற்குப் பழைய பெயர் அநாதி. முதலிலி எனலாம், ஆனால் முதல் என்பது காரணத்தையும் குறிக்கும், கடைக்காரர் போட்ட பணத்தையும் குறிக்கும். தொடக்கமிலி என்பதே தெளிவு.

காலம் தொடக்கமிலியாக இருக்க முடியாது என்று ஆறாம் நூற்றாண்டிலேயே கிரேக்க மெய்யியலாளர் ஃபிலோபோனஸ் வாதிட்டார்: எண்ணற்ற ஆண்டுகளைக் கடந்து இந்த ஆண்டு எப்படி வந்தது? எனக்கு இதில் ஓர் ஓட்டை தெரிகிறது. கடந்த நாள்களில் எதை எடுத்தாலும் அதிலிருந்து இன்று வரை எண்ணிவிடக்கூடிய நாள்களே உள்ளன. எண்ணற்ற தொலைவில் ஒரு புறப்பட்ட இடத்தை வைத்தால்தான் சிக்கல். தொடக்கமிலியில் அந்த இடமே கிடையாது. 1781இல் ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட் இரு தரப்பு வாதங்களையும் எதிரெதிரே நிறுத்தினார்.

தங்கை மகளின் ஊரில் பிறந்த சிவஞான முனிவர் மாபாடியம் என்னும் பேருரை எழுதியது, சைவ சித்தாந்த நூலான சிவஞான போதத்துக்கு. அதன் முதல் நூற்பா 'அந்தம் ஆதி' என்கிறது: உலகம் எதில் ஒடுங்குகிறதோ அதுவே அது தோன்றும் இடம். சைவ சித்தாந்தத்தில் காலமும், உலகின் மூலப்பொருளான மாயையிலிருந்து தோன்றும் ஒரு தத்துவம், அதாவது அடிப்படைக் கூறு; மாயையோ அநாதி. ஆகவே அவளுக்கு இப்படிச் சொன்னேன்: சித்தாந்தத்தின்படி காலம் தொடக்கமிலி அன்று, அது தோன்றிய மாயைதான் தொடக்கமிலி.