தேவ ஆட்டுக்குட்டியைப் பலிகடா ஆக்காதீர்கள்

இயேசுவின் பாடுகளை நினைக்கும் லெந்து நாட்கள் (தவக்காலம்) வந்தாலே "இயேசு நமக்காகப் பலிகடா ஆனார்" என்ற வரி பிரசங்கத்திலோ வாட்ஸ்அப் தியானத்திலோ எப்படியும் காதில் விழுந்துவிடுகிறது. உருக்கமாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் சொல் தப்பு. வேதம் அவரை அழைப்பது 'தேவ ஆட்டுக்குட்டி' என்று.

மூலத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். யோவான் 1:29-இல் யோவான் ஸ்நானகன் இயேசுவைப் பற்றிச் சொல்லும் கிரேக்கச் சொல் 'அம்னோஸ்', அதாவது செம்மறிக்குட்டி. வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலில் வருவது 'அர்னியோன்', அதுவும் குட்டிதான். லத்தீனில் ஆக்னுஸ். எகிப்திலிருந்து விடுதலையான நினைவாக யூதர்கள் ஆடு பலியிட்ட பஸ்கா பண்டிகைக்கும் ஏசாயா 53:7-க்கும் எபிரேயத்தில் 'ஸே'. இது செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் பொது, யாத்திராகமம் 12:5 இரண்டில் எதையும் எடுக்கலாம் என்றே சொல்கிறது.

கடா என்பது வளர்ந்த ஆண். பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இதில் உஷாராக இருந்தார்கள். ஆதியாகமம் 22-இல் தேவன் பார்த்துக்கொள்வார் என்று ஆபிரகாம் ஈசாக்கிடம் சொல்வது 'ஆட்டுக்குட்டி'யை. புதரில் கொம்பு சிக்கிக் கிடப்பது 'ஆட்டுக்கடா'. எபிரேயத்திலும் அங்கே இரண்டு வேறு சொற்கள்தான்.

வயதுதான் சிக்கல் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் இன்றைய தமிழில் பலிகடா யார்? மேலே இருப்பவர் தப்பித்துக்கொள்ள, கீழே இருக்கும் அப்பாவி ஒருவரைச் சிக்கவைத்தால் அவர் பலிகடா. விவரம் தெரியாமல் மாட்டிக்கொண்டவர், சம்மதம் கேட்கப்படாதவர். யோவான் 10:18-இல் இயேசு என் உயிரை யாரும் பறிக்கவில்லை, நானாகத்தான் கொடுக்கிறேன் என்கிறாரே, அவருக்கா இந்தச் சொல்?

அப்புறம் இன்னொரு குழப்பம். பிறர் பாவத்தைச் சுமக்கும் ஆடு வேதத்தில் உண்டுதான், ஆனால் அது லேவியராகமம் 16-இல் வருவது. பாவநிவாரண நாளில் இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள். சீட்டுப் போட்டு ஒன்றைப் பலியிடுவார்கள், மற்றொன்றின் தலையில் ஆசாரியன் கைவைத்து ஜனங்களின் அக்கிரமங்களை அறிக்கையிட்டு உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவான். அதற்குப் பழைய வேதாகமத்தில் 'போக்காடு' என்று எவ்வளவு அழகான சொல் இருக்கிறது! அதைக் கிடப்பில் போட்டுவிட்டு, ஆங்கிலத்தில் பழிசுமப்பவனுக்கு உள்ள 'ஸ்கேப்கோட்' என்ற சொல்லைப் பலிகடா என்று எழுதிப் பழகி, பிறகு அதையே கொண்டுவந்து பஸ்கா ஆட்டுக்குட்டியின் மேல் ஒட்டுகிறார்கள். கொல்லப்படாமல் ஓட்டிவிடப்பட்ட ஆட்டுக்குப் பலி என்று பெயர் வைத்ததே கோளாறு. யோவான் 1:29-இல் 'சுமந்து' என்று வருகிறதே என்பார்கள். அங்குள்ள கிரேக்க வினை தூக்குவது, அகற்றுவது இரண்டையும் குறிக்கும். அதனால்தான் 'சுமந்து தீர்க்கிற' என்று இரண்டையும் வைத்தார்கள். அதற்காக ஆட்டையே மாற்றிவிட முடியுமா?

கத்தோலிக்கத் திருப்பலியில் வரும் 'செம்மறி'யைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. பாட நன்றாக இருக்கிறது, வெள்ளாட்டோடு கலக்காது. வளர்ந்த ஆட்டுக்கும் அதே பெயர் என்பது மட்டும்தான் குறை. தனித்தமிழில் வேண்டும் என்பவர்களுக்கு 'மறி' இருக்கிறது. தொல்காப்பிய மரபியல் அதை ஆட்டின் இளமைப் பெயராகவே சொல்கிறது, திருமுருகாற்றுப்படையில் 'மறி அறுத்து' முருகனை வழிபடுகிறார்கள். இளமையும் பலியும் ஒரே சொல்லில். ஆனாலும் 'தேவ மறி' என்றால் இன்று யாருக்கும் புரியாது, எனவே என் ஓட்டு ஆட்டுக்குட்டிக்கே.

குட்டி என்றால் கம்பீரம் போய்விடுகிறது என்று ஒரு சாரார் கடாவுக்கு வக்காலத்து வாங்குவதையும் கேட்டிருக்கிறேன். அவர்கள் வெளிப்படுத்தல் 5-ஐத் திறக்கட்டும். யூதா கோத்திரத்துச் சிங்கம் வென்றது என்று மூப்பர் அறிவிக்கிறார். தரிசனம் காணும் யோவான் (ஸ்நானகன் அல்ல) பார்த்தால் அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி நிற்கிறது. அந்தக் குட்டிக்கு ஏழு கொம்பு, ஏழு கண். இதற்கு மேல் என்ன கம்பீரம் வேண்டுமாம்?