பல்லுக்குத் தசை கிடையாது

வெல்லாவெளிப் பக்கமிருந்து வந்தவர் சட்டைப் பையிலிருந்து கசங்கிய வெள்ளைக் கடதாசி உறை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். உறையில் "காலை 1, இரவு 1" என்று மட்டும் பேனையால் எழுதியிருந்தது. குளிசையின் பெயர் இல்லை. "இதப் போட்டா பல்லுக்கொதி நிக்கிது டொக்டர். ஆனா மிசின்ல ஏறி இருந்தா நித்திர தூங்கி விழுது."

பெரும்போக அறுவடை நேரம். நெல் வெட்டும் மெசின் ஓட்டுகிறவர். ஒன்பது நாளாகப் போட்டிருக்கிறார். கேட்டுக் கேட்டு எடுத்ததில், உறைக்குள் இரண்டு வகைக் குளிசை இருப்பது தெரிந்தது. ஒன்று பார்மசியில் வாங்கிய டைக்ளோபெனாக் என்ற வலிக் குளிசை. மற்றது தசையைத் தளர்த்தும் டிசானிடின், அவருடைய அண்ணனின் நாரிப் பிடிப்புக்குக் கொடுத்ததில் மிச்சம். "ரெண்டும் நோவுக்குத்தானே, சேத்துப் போட்டா கெதியா மாறும் எண்டு அண்ணன் சொன்னார்."

களுவாஞ்சிக்குடியில் பல் கிளினிக் நடத்தும் எனக்கு இந்த உறை புதிதல்ல. வீக்கத்தைக் குறைக்கும் வலிக் குளிசையும் தசையைத் தளர்த்தும் குளிசையும் சோடியாக வாய்க்குள் போவதை வாரத்துக்கு ஒருமுறையாவது பார்க்கிறேன். சில வேளை எழுதிக் கொடுத்தவர்களும் எங்கள் தொழில்காரர்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவருக்கு இருந்தது கீழ்க் கடைவாயில் ஆழமான சூத்தை. பல்லின் நடுவில் நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள மென்மையான பகுதி அழற்சியாகி வீங்க, சுற்றிவர இருக்கும் கடினமான சுவர் இடம் விடாததால்தான் அந்தக் கொதி. டைக்ளோபெனாக், இபுபுரூபன், மெபனமிக் அசிட் போன்றவை புரஸ்டகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுத்து அந்த அழற்சியைத் தணிக்கும். ஆகவே அவருக்குக் கொதி நின்றது டைக்ளோபெனாக்கால். டிசானிடின் செய்தது ஒன்றுதான், தூங்க வைத்தது. பெயர் தசைத் தளர்த்தி என்றாலும் அது வேலை செய்வது மூளையிலும் முண்ணாணிலும். பல்லுக்குள் தளர்த்துவதற்குத் தசையே இல்லை.

அப்படியானால் சோடி எதற்கு? தாடைத் தசைக்கு. நித்திரையில் பல்லை நெரிக்கும் பழக்கம் உள்ள ஆசிரியை ஒருவர், காலையில் கன்னமும் நெற்றிப்பொட்டும் இறுகி, பாண் கடிக்கக்கூட முடியாமல் வந்தார். பல்லெல்லாம் நல்ல பல். அவருக்குச் சாப்பாட்டுக்குப் பின் இபுபுரூபனும், இரவில் மட்டும் தசைத் தளர்த்தியும், ஐந்து நாளைக்கு. சுடுநீர் ஒத்தடமும் மென்மையான சாப்பாடும் அதைவிட முக்கியம். கீழ்த்தாடைக்கு விறைப்பூசி போட்ட பின்னர் உள்தசை பிடித்துக்கொண்டு வாய் திறக்க ஏலாமல் வருகிறவர்களுக்கும், ஞானப்பல் எடுத்த பிறகு இறுக்கம் விடாதவர்களுக்கும் சில வேளை இதே வழி. அப்போதும் ஒரு கிழமையைத் தாண்ட விடமாட்டேன். தயோகொல்சிகோசைட் என்ற தசைத் தளர்த்திக்கு 2013இல் ஐரோப்பிய மருந்து முகமை போட்ட எல்லையும் ஏழு நாள்தான். கர்ப்பிணிகளுக்கும் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் கூடவே கூடாது என்றது.

"வாய் திறக்க ஏலா" என்ற சொல்லைக் கேட்டதும் தசை என்று முடிவெடுப்பதுதான் எனக்குப் பெரிய பயம். மண்டூரிலிருந்து பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) ஏறி வந்த வயதான அம்மா ஒருவருக்கு, வேறொரு இடத்தில் இரண்டு மாதமாக மாற்றி மாற்றித் தசைத் தளர்த்தி கொடுத்திருந்தார்கள். "உறைப்புக் கறி வாயில வைக்க ஏலா புள்ள, எரியிது." தன்னுடைய மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் வைக்கச் சொன்னேன். ஒன்றரை விரல்தான் போனது. கன்னத்தின் உட்புறம் வெளிறி, தொட்டால் நார் நாராக இறுகியிருந்தது. நாற்பது வருட வெற்றிலையும் பாக்கும். அது தசைப் பிடிப்பல்ல, சளிச்சவ்வுக்கு அடியில் நார் படரும் நோய். புற்றுநோயாக மாறக்கூடியது. எந்தக் குளிசையும் அந்த நாரைத் தளர்த்தாது. இலங்கை ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் முதலிடத்தில் இருக்கும்போது இரண்டு மாதம் என்பது சின்னக் காலமல்ல.

இன்னொன்று, வாய் திறக்காததோடு காய்ச்சல், தாடைக்குக் கீழே வீக்கம், எச்சில் விழுங்கக் கஷ்டம். அது சீழ் பரவுகிறது. விடியும் வரை காத்திராமல் இரவோடிரவாக வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பிரஷர் கிளினிக்கில் லொசார்டனோ எனலப்பிரிலோ, கூடவே சலம் போகிற குளிசையும் எடுப்பவர்கள் டைக்ளோபெனாக்கைச் சேர்த்தால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கமிருந்தும் அடி. வயலில் நாள் முழுக்க வியர்த்தவருக்கு இன்னும் மோசம். பக்கத்து அம்பாறை மாவட்டத்தில், தெஹியத்தகண்டிப் பக்கம், காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் ஏற்கனவே இருக்கிறது. டிசானிடினோ பிரஷரைத் தானே இறக்கும். சலக்கடுப்புக்கு சிப்ரோபுளொக்சசின் எடுக்கும்போது அதைத் தொடவே கூடாது, இரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு ஏறி ஆள் மயங்கி விழலாம். பின்னேரம் சாராயம் குடிக்கிறவர்களுக்கும் மயங்கி விழும் ஆபத்து உண்டு. மாரியில் டெங்கு பரவும்போது காய்ச்சலும் பல்லுக்கொதியும் சேர்ந்து வந்தால் டைக்ளோபெனாக், இபுபுரூபன் இரண்டும் வேண்டாம், பரசிட்டமோல் மட்டும். வளர்ந்தவர் ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. இந்தியாவிலிருந்து வரும் சில 'நோக் குளிசை'களுக்குள் டைக்ளோபெனாக், தசைத் தளர்த்தியோடு பரசிட்டமோலும் ஒளிந்திருக்கும். அதன் மேல் பனடோலும் போடுகிறவர்கள் கணக்கைத் தவறவிடுவது இங்கேதான்.

உறையில் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லிப் பார்மசியில் கேளுங்கள், எழுதித் தருவார்கள். மெசின்காரருக்கு வேர்ச் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றியாயிற்று. இப்போது அவர் உறை கொண்டுவருவதில்லை. வீட்டில் உள்ள குளிசை எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக் காட்டுகிறார். அண்ணனுடைய குளிசைப் பட்டையும் அதில் இருக்கிறது, போன முறை காட்டியதைவிட இரண்டு குளிசை குறைந்து.