உளவியல் திகில் அன்று, உளத்திகில்

2025 செப்டம்பர் 25 அன்று ‘சைலண்ட் ஹில் எஃப்’ என்ற வீடியோ விளையாட்டு வெளியானது. அன்றிலிருந்து தமிழில் அதைப் பற்றிப் பேசுகிறவர்களும் எழுதுகிறவர்களும் சொல்லிவைத்தாற்போல ஒரே தொடரைத்தான் கையாள்கிறார்கள்: ஜப்பானிய மலையூர் ஒன்றில் நடக்கும் ‘உளவியல் திகில்’ விளையாட்டு. இத்தொடரைத் திரைப்படங்களுக்கும் நாவல்களுக்கும் சூட்டியபோதெல்லாம் பொறுத்துக்கொண்டு போயிருக்கிறேன். இம்முறை, கல்லூரியில் முதலாண்டு உளவியல் படிக்கும் என் அக்கா மகள் அப்படியொரு விமரிசனத்தின் தலைப்பைப் படித்துவிட்டு, “மாமா, இதுல எங்க பாடம் எங்க வருது?” என்று கேட்டாள். தலைப்பு என்ன சொல்கிறதோ அதை அப்படியே புரிந்துகொண்டு கேட்ட கேள்வி அது. கதையின் மையத்தில் இருப்பவளோ 1960களின் ஜப்பானில் பள்ளிக்குச் செல்லும் ஷிமிசு ஹினாகோ என்ற பெண். உளவியல் என்ற துறைக்கும் அவளுக்கும் தொடர்பில்லை. தமிழ் அறிந்த ஒருத்தி தமிழ்த் தொடர் ஒன்றைப் படித்து இப்படித் தவறாகப் புரிந்துகொள்கிறாள் என்றால், பிழை தொடரில் இருக்கிறது.

‘உளவியல் திகில்’ என்பது ‘சைக்கலாஜிக்கல் ஹாரர்’ என்ற ஆங்கிலத் தொடரின் மொழிபெயர்ப்பு. அத்தொடரின் இரு சொற்களையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘ஹாரர்’ என்பது ‘ஹொர்ரேரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. மயிர் சிலிர்த்து நிற்றல் என்பது அதன் பழம்பொருள். நாம் மயிர்க்கூச்செறிதல் என்று சொல்வது ஏறத்தாழ அதுவே. ‘சைக்கலாஜிக்கல்’ என்பதில் உள்ள ‘ப்சூகே’ கிரேக்கத்தில் மூச்சையும் உயிரையும் குறித்த சொல். ‘லோகோஸ்’ சொல், அறிவு, ஆய்வு என விரியும். தமிழில் ‘திகில்’ தென்மொழிகளுக்குப் பொதுவான சொல். கன்னடத்தில் ‘திகிலு’ அச்சத்தைக் குறிக்கிறது. தெலுங்கில் ‘திகுலு’ கவலையையும் மனக்கலக்கத்தையும் குறிக்கிறது. ‘பயங்கரம்’ என்ற சொல் பயங்கரவாதத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ‘அச்சம்’ மிகப் பொதுவானது. திகில் கதை என்று நம் இதழ்கள் பல பத்தாண்டுகளாக எழுதி அச்சொல்லை நிலைநிறுத்தியிருக்கின்றன. ஆகவே திகிலோடு எனக்கு வழக்கில்லை. அதன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தப்பட்டிருக்கும் உளவியலோடுதான் வழக்கு.

உளவியல் என்பது உள்ளத்தை ஆராயும் துறை. முன்பு மனோதத்துவம் என்றும் உளநூல் என்றும் எழுதியவர்கள் உண்டு. பின்னர் உளவியல் நிலைத்தது. நல்ல சொல், குறையொன்றும் இல்லை. ஆனால் அதன் பின்னொட்டாகிய ‘இயல்’ ஆராயப்படும் பொருளை ஆராயும் துறையிலிருந்து பிரித்துக் காட்டுவதற்காகவே அங்கே நிற்கிறது. விலங்கு வேறு, விலங்கியல் வேறு; கொல்லைக்குள் புகுந்த மாட்டை விலங்கியல் என்று எவரும் விரட்டுவதில்லை. தொல்காப்பியத்திலேயே இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது. அச்சம் ஒரு மெய்ப்பாடு, அதாவது உடலில் வெளிப்படும் உள்ளத்துணர்ச்சி. அச்சத்தைப் பற்றிப் பேசும் பகுதிக்குப் பெயர் மெய்ப்பாட்டியல். அழுகையும் ஒரு மெய்ப்பாடு என்பதற்காக, அழுகிறவள் கண்ணீரை ‘மெய்ப்பாட்டியல் கண்ணீர்’ என்று யாராவது எழுதினால் நாம் ஏற்றுக்கொள்வோமா? உளவியல் திகில் அதே வகைப் பிழைதான். பழகிப்போனதால் உறுத்துவதில்லை.

பிழை எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. ஆங்கிலத்தில் ‘சைக்கலாஜிக்கல்’ என்ற பெயரடை ஒன்றே இரண்டு வேலைகளைச் செய்கிறது. உளவியல் துறையைச் சார்ந்தது என்பது ஒன்று, உள்ளத்தைச் சார்ந்தது என்பது மற்றொன்று. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இடமறிந்து பொருள் கொள்கிறார்கள். நம் மொழிபெயர்ப்பாளரோ அகராதியின் முதல் வரியில் உளவியல் என்று கண்டதும் அங்கேயே நின்றுவிடுகிறார். தமிழில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் இருக்கும்போது, ஆங்கிலத்தின் நெருக்கடியைத் தமிழுக்குள் இறக்குமதி செய்ய வேண்டிய தேவை என்ன?

விளையாட்டின் தாய்மொழியையே கேட்டுப் பார்க்கலாம். ஜப்பானியத்தில் உள்ளத்தின் நிலையையும் போக்கையும் ‘ஷின்ரி’ என்பார்கள். அதை ஆராயும் துறை ‘ஷின்ரிகாகு’. இறுதியிலுள்ள ‘காகு’ கல்வி, துறை என்ற பொருளைத் தருவது; நம் ‘இயல்’ செய்யும் அதே வேலையைச் செய்வது. இவ்வகைத் திகிலைத் தம் மொழியில் குறிக்கும்போது ஜப்பானியர் ‘ஷின்ரி’யோடு நிறுத்திக்கொள்கிறார்கள். துறையைக் குறிக்கும் எழுத்தை அதில் சேர்ப்பதில்லை. ஜப்பானியக் கதை ஒன்று ஆங்கிலம் வழியாக நம்மிடம் வரும்போது, மூலத்தில் இல்லாத ஒரு பாடப்பிரிவு நடுவழியில் ஏறிக்கொள்கிறது.

‘இயல் என்றால் தன்மை என்றும் பொருள் உண்டே, உளவியல் என்பதை உள்ளத்தின் தன்மை என்று கொள்ளலாகாதா’ என்று கேட்பவர்கள் உண்டு. இதுவே எதிர்த்தரப்பின் வலுவான வாதம் என்பதால் விரைந்து தள்ளிவிட விரும்பவில்லை. இயல்பு, இயற்கை என்ற சொற்களில் அந்தப் பழம்பொருள் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் பெயரோடு ஒட்டி வரும் இயல் இன்றைய தமிழில் துறைப்பெயராகவே இறுகிவிட்டது. இயற்பியல், வேதியியல், பொருளியல், மொழியியல் என்று பள்ளி தொடங்கிப் படித்து வருகிற ஒருவருக்கு உளவியல் என்றதும் ஒரு பாடநூல்தான் கண்முன் வரும். ஒரே சொல்லைத் தலைப்பில் ஒரு பொருளிலும் பாடநூலில் மற்றொரு பொருளிலும் படித்துக்கொள்ளுமாறு வாசகரிடம் கேட்பது, எழுதுகிறவர் தன் வேலையை வாசகர் தலையில் கட்டுவதாகும்.

இந்த நோய் திகிலோடு நிற்கவில்லை. ‘உளவியல் ரீதியாகப் பாதிக்கப்பட்டார்’ என்று நாளேடுகள் எழுதுகின்றன. ‘மனம் பாதிக்கப்பட்டார்’ என்றால் போதும். ‘சமூகவியல் பிரச்சினை’ என்கிறார்கள். சமூகப் பிரச்சினைதான் அது. எல்லாவற்றிலும் என்னை வருத்துவது ‘உயிரியல் தாய்’ என்ற தொடர். பெற்ற தாய் என்ற, குழந்தைக்கும் புரிகிற தொடரைக் கையில் வைத்துக்கொண்டு உயிரியல் தாய் என்று எழுத எப்படி மனம் வருகிறது? உளச்சோர்வு, உளநலம், உளப்பகுப்பாய்வு என்று நம்மிடமே சரியாக அமைந்த சொற்கள் இருக்கின்றன. இலங்கையில் ஆற்றுப்படுத்தும் பணிக்கு ‘உளவளத்துணை’ என்று அழகான பெயர் வழங்குகிறது. இவற்றில் எதிலும் இயல் தேவைப்படவில்லை. உளவியல் சோர்வு என்று எழுதக் கூசுகிறவர் உளவியல் திகில் என்று எழுதும்போதும் கூசியிருக்க வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை ‘உளத்திகில்’. உளம் என்பது உள்ளம் என்பதன் இடைக்குறை, அதாவது நடுவெழுத்து குறைந்த வடிவம். உளம் என்பதோடு திகில் சேரும்போது மகரம் கெட்டுத் தகரம் மிகும். மனமும் துயரும் சேர்ந்து மனத்துயர் ஆவதைப் போல. விளையாட்டையோ கதையையோ படத்தையோ பின்னால் சேர்த்தால் உளத்திகில் விளையாட்டு, உளத்திகில் கதை, உளத்திகில் படம் என்று இயல்பாக நடக்கிறது. ‘சார்ந்த’, ‘ரீதியான’ என்ற ஊன்றுகோல்கள் வேண்டியதில்லை.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு. எல்லா அச்சமும் உள்ளத்தில்தானே தோன்றுகிறது, அப்படியென்றால் எல்லாத் திகிலும் உளத்திகில் ஆகிவிடாதா? நானே இதில் சில நாள் தடுமாறினேன். எனக்குத் தெளிவு தந்தது மெய்ப்பாட்டியல்தான். அச்சம் நான்கிலிருந்து பிறக்கும் என்று தொல்காப்பியம் வகுக்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. தெய்வமும் பேயும் அணங்கில் அடங்கும். இறை என்பது அரசன் முதலான பெரியோர். அச்சம் எங்கே தங்குகிறது என்பது அங்கே பேச்சில்லை. எதனால் வருகிறது என்பதே வகைப்பாட்டின் அடிப்படை. உளத்திகில் என்பதையும் அவ்வாறே விரிக்க வேண்டும். உள்ளத்தில் எழும் திகில் என்று விரித்தால் மறுப்பு செல்லுபடியாகிவிடும். உள்ளத்தால் எழும் திகில் என்று விரித்தால் மறுப்புக்கு இடமில்லை. நான்கும் புறத்திலிருந்து வருபவை. ஐந்தாவதாக அஞ்சுகிறவரின் உள்ளமே அச்சத்தின் ஊற்றாக அமையும்போது அது உளத்திகில். அந்த ஐந்தாவதை நம் மக்கள் அறியாதவர்கள் அல்லர்; அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்ற பழமொழி அதைத்தானே சொல்கிறது. ஜப்பானியரிடமும் ‘கிஷின் அங்கி’ என்றொரு வழக்கு உண்டு. ஐயங்கொண்ட நெஞ்சு இருட்டில் பேய்களைப் பிறப்பிக்கும் என்பது அதன் கருத்து.

இனி அந்த விளையாட்டில் வைத்தே சொல்லைச் சோதித்துப் பார்க்கலாம். 1999இல் தொடங்கிய சைலண்ட் ஹில் வரிசையின் முதன்மை விளையாட்டுகள் அதுவரை அமெரிக்க ஊரொன்றைச் சுற்றியே நடந்தன. ஜப்பானுக்கு முழுவதுமாக வந்தது இதில்தான். கொனாமி வெளியிட, தைவானின் நியோபார்ட்ஸ் நிறுவனம் உருவாக்கியது. கதை எழுதியவர் ரியூகிஷி07 என்ற புனைபெயர் கொண்ட ஜப்பானிய எழுத்தாளர். எபிசுகாஒகா என்ற கற்பனை ஊருக்கு முன்மாதிரி, கிஃபு மாகாணத்தின் கெரோ நகரைச் சேர்ந்த கனயாமா. ஓடையும் படிக்கட்டும் குறுகிய சந்துகளுமாக இருக்கும் அந்த ஊரை மூடுபனி சூழ்கிறது. சிவந்த ஹிகன்பனாப் பூக்கள் தெருக்களில் படர்கின்றன. இலையுதிர்காலச் சமநாளையொட்டி, ஜப்பானில் வயல்வரப்புகளிலும் இடுகாட்டோரங்களிலும் பூக்கும் நச்சுக்கிழங்குச் செடி அது. அதைச் ‘சிவப்புச் சிலந்தி அல்லி’ என்று மொழிபெயர்த்திருப்பதையும் பார்த்தேன். குளத்தில் பூக்கும் அல்லிக்கும் வரப்பில் பூக்கும் இதற்கும் ஓர் உறவும் இல்லை. ஆங்கிலத்தில் லில்லி என்று கண்ட இடமெல்லாம் அல்லியை நடுவது இன்னொரு நாள் பேசவேண்டிய துயரம்.

இந்த ஊரில் வரும் அரக்க உருவங்களை விலங்கு என்றோ அணங்கு என்றோ வகைப்படுத்த முயன்றால் கை நழுவுகின்றன. ஹினாகோவின் வீட்டில் தந்தையின் அதட்டல். அக்காள் மணமாகிப் போய்விட்டாள். பெண் என்றால் அடுத்து மணம்தான் என்று ஊர் முடிவு செய்து வைத்திருக்கிறது. அவள் எதிர்கொள்ளும் ஒவ்வொரு கோர உருவமும் இவற்றில் ஒன்றின் நிழலாகவே வருகிறது. விளையாட்டை ஒருமுறை முடித்தால் கதை முடிவதில்லை. ஐந்து முடிவுகள் உண்டு, அடுத்தடுத்து ஆடும்போதுதான் நாம் பார்த்த மூடுபனி எந்த உள்ளத்தினுடையது என்பது விளங்கத் தொடங்குகிறது. வயல்வெளியில் பள்ளிச் சீருடையணிந்த வெருளிகள் நிற்கும் ஒரு கட்டம் உண்டு. வெருளி என்பது யாழ்ப்பாணத்தில் வழங்கும் சொல்; சோளக்கொல்லைப் பொம்மை என்றால் தமிழகத்தார்க்கு விளங்கும். அவற்றில் சரியானதைத் தேர்ந்துகொண்டே நகரவேண்டும். தவறாகத் தேர்ந்தால்தான் அவை பாய்கின்றன. அதுவரை அவை வெறும் வைக்கோல். ஆனாலும் அந்த வரப்பில் நடக்கும்போது என் கை நடுங்கியது. அங்கே நம்மை அச்சுறுத்தியவர் நம்மைத் தவிர யார்? இதைத்தான் உளத்திகில் என்கிறேன். உளவியலின் எந்தக் கோட்பாடும் அந்த வயலில் நடமாடவில்லை.

வேறு சில போட்டிச் சொற்களும் உலவுகின்றன. ‘மனத்திகில்’ பொருளால் சரியானது. மனம் வடமொழி மூலம் என்பதற்காக அதை விலக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், நூற்றாண்டுகளாக நம் வீட்டில் வளர்ந்த சொல் அது. உளத்திகில் சற்றுச் செறிவாக இருக்கிறது என்பது மட்டுமே என் விருப்பத்துக்குக் காரணம். ‘சைக்கோ திகில்’ என்பதோ முற்றிலும் தவறு. தமிழ்த் திரைப்பேச்சில் சைக்கோ என்றால் கொலைவெறியன் என்றாகிவிட்டது. மனம் நொந்த ஒரு பள்ளி மாணவியின் கதைக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது கதைக்கும் அநீதி, மனநோயுற்றவர்களுக்கும் அநீதி.

சொல் சரியாக அமைந்தால் பிரித்தறியவும் உதவ வேண்டும். ‘சீரோ’ வரிசையின் இரண்டாம் விளையாட்டு 2003இல் வந்தது. அதுவும் ஜப்பானிய மலைக்கிராமத்தில்தான் நடக்கிறது. இரட்டைச் சகோதரிகள் மினகாமி என்ற ஊருக்குள் சிக்கிக்கொள்கிறார்கள், இறந்தவர்களின் ஆவிகளைச் சிறப்பான ஒரு புகைப்படக் கருவியால் எதிர்க்கிறார்கள். அதையும் உளவியல் திகில் என்றே எழுதுகிறார்கள். அங்கே ஆவிகள் ஆவிகளாகவே இருக்கின்றன. அச்சம் அணங்கால் வருகிறது. அது பேய்த்திகில். சைலண்ட் ஹில் எஃப் உளத்திகில். ரியூகிஷி07 2002 முதல் வெளியிட்ட ‘ஹிகுராஷி’ விளையாட்டு வரிசையை மட்டும் எளிதில் ஒரு பெட்டிக்குள் போட முடிவதில்லை. அதே கிஃபு மாகாணத்தின் ஷிரகாவா கிராமத்தை முன்மாதிரியாகக் கொண்ட ஹினமிசாவாவில், 1983 ஜூன் மாதம் நடக்கும் சாவுகள் ஓயாஷிரோ என்ற தெய்வத்தின் சாபமா, நண்பர்களை ஐயுறும் நெஞ்சின் வேலையா என்பதே அதன் புதிர். அதைப் பேய்த்திகில் என்று அட்டையில் போட்டாலும் உளத்திகில் என்று போட்டாலும் புதிரின் விடையில் பாதி வெளியே வந்துவிடும். அந்த ஒன்றுக்கு வெறுமனே திகில் என்று எழுதி நிறுத்திக்கொள்ளலாம்.