காசநோய்: பெயருக்குள் ஓர் இருமல்

கழுத்தில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி, வலி இல்லை. ஊசி வழியாக எடுத்த திசுவின் அறிக்கையைப் பார்த்து மருத்துவர் "காசநோய்" என்கிறார். "எனக்கு இருமலே இல்லையே, டாக்டர்" என்கிறார் வந்தவர். இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. சொல்லின் பொருளை அவர் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்.

காசம் வடமொழிச் சொல். பொருள் இருமல், அவ்வளவுதான். ஆயுர்வேத நூல்களில் காசம் தனி நோய். உடலைக் கரைக்கும் நோய்க்கு அங்கே க்ஷயம், ராஜயக்ஷ்மா என்று வேறு பெயர்கள் உண்டு. க்ஷயம் என்றால் தேய்வு. தமிழில் அது கயரோகம், சயரோகம் என்று வழங்கியது. கிரேக்கர்கள் இதே நோயைத் தைசிஸ் என்றார்கள். அதற்கும் தேய்வு என்றுதான் பொருள். க்ஷயமும் தைசிஸும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது மொழியியலாளர் முடிவு.

தமிழுக்கே உரிய பெயர் எலும்புருக்கி. நோயாளியை நேரில் பார்த்தவர் வைத்த பெயர் அது. ஆனால் இன்று அந்தப் பெயரைச் சொன்னால் நோயாளி பயந்துவிடுவார்; குணமாகும் நோய்க்கு அவ்வளவு கொடிய பெயர் வேண்டியதில்லை. முதுகெலும்பு போன்ற எலும்புகளைத் தாக்கும் வகையில் மட்டும் எலும்பு உண்மையாகவே அரிக்கப்படுகிறது.

டியூபர்குளோசிஸ் என்ற பெயர் பிணப் பரிசோதனை மேசையிலிருந்து வந்தது. லத்தீனில் டியூபர் என்றால் புடைப்பு. டியூபர்குலம் சிறு புடைப்பு; இறந்தவர் உடலை அறுத்துப் பார்த்தபோது உறுப்புகளில் தெரிந்தது அதுதான். (தாவரவியலில் கிழங்கைக் குறிக்கும் டியூபரும் இதே சொல்தான்.) 1830களில் ஷோன்லைன் என்ற ஜெர்மானிய மருத்துவர் இப்பெயரை வழங்கியதாகச் சொல்வார்கள். கிருமியைக் கண்டுபிடித்ததாக ராபர்ட் கோக் அறிவித்தது 1882 மார்ச் 24இல்தான். அதற்குள் பெயர் ஊன்றிவிட்டது. அந்தப் புடைப்பை நுண்ணோக்கியில் பார்த்தால் நடுவில் பாலாடைக்கட்டி போல் உதிரும் செத்த திசு, சுற்றிலும் நெருங்கி நிற்கும் செல்கள், இடையிடையே லாட வடிவில் உட்கருக்கள் அடுக்கிய பெரிய செல்கள். இதைக் குறுங்கழலை எனலாம். நோய்க்கே கழலைநோய் என்று பெயர் வைத்தால் புற்றுநோயோடு குழப்பும். ஆகவே காசநோய் இருக்கட்டும் என்பதே என் கட்சி. மருத்துவர் மட்டும் அந்தப் பெயரை நம்பி ஏமாறக் கூடாது.

ஏமாற வாய்ப்பு நிறையவே இருக்கிறது. சமூகத்தில் வீடுவீடாகச் சென்று நடத்திய பரவல் ஆய்வுகளில், சளியில் கிருமி உறுதியானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அறிகுறி எதையும் சொல்லவில்லை. "இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா?" என்ற கேள்வியோடு நிறுத்திக்கொண்டால் இவர்கள் அனைவரும் தப்பிவிடுவார்கள். அதனால்தான் 2021இல் உலக சுகாதார நிறுவனம் மார்பு எக்ஸ்ரேயை முன்னிறுத்தியது. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் படங்களைக் கணினி படித்துச் சொல்வதையும் ஏற்றது. இந்த நிலைக்கு அறிகுறியற்ற காசநோய் என்பது பொருத்தமான தமிழ்.

இதை உறங்கும் காசநோய், அதாவது கிருமி உடலில் அடங்கிக் கிடக்கும் நிலை என்பதோடு குழப்பக் கூடாது. உறங்குவது நோயே அல்ல, தொற்று மட்டுமே; அவரிடமிருந்து பிறருக்குப் பரவாது. ஆங்கிலத்திலும் இப்போது அந்த உறக்க அடைமொழியைக் கைவிட்டு வருகிறார்கள். தொற்று, நோய் என்று இரண்டு தெளிவான சொற்கள் தமிழில் இருக்கும்போது நமக்கு அடைமொழி எதற்கு? காசநோய்த் தொற்றுக்குத் தடுப்பு சிகிச்சை. ஐசோனியசிட், ரிஃபாபென்டின் என்ற இரண்டு மருந்துகளையும் வாரம் ஒருமுறை, 12 தவணை தருவது ஒரு வழி. காசநோய்க்கு முழுச் சிகிச்சை.

அந்த முழுச் சிகிச்சையும் சுருங்கிவிட்டது. காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத வகைக்கு முன்பு ஒன்றரை ஆண்டுக்கும் மேல் மருந்து, அதில் பல மாதங்கள் ஊசி. 2022 முதல் பெடாகுவிலின், பிரிட்டோமனிட், லினிசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் சேர்ந்த ஆறு மாத மாத்திரைச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. லினிசோலிட் தரும்போது கால் எரிச்சலையும் ரத்த அணுக்களையும், பெடாகுவிலின் தரும்போது இசிஜியையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சொல் திருத்தம் நோயாளிக்கும் வந்தது. சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியவரைத் தவறியவர் என்று பதிவேட்டில் குற்றவாளிபோல் எழுதிய காலம் இருந்தது. 2013இல் உலக சுகாதார நிறுவனம் அதை மாற்றியது. "தொடர்பு விட்டுப்போனவர்" என்று தமிழில் எழுதலாம். சந்தேகத்துக்குரியவர் என்பதும் போனது. அவர் இப்போது காசநோய் இருக்கக்கூடியவர்.

கழுத்துக் கட்டியோடு வந்தவருக்கு இத்தனையும் சொல்ல நேரமிருக்காது. "இருமல் இல்லாமலும் வரும். உங்களுக்கு வந்திருப்பது நெறிக்கட்டியில் வந்த காசநோய், நுரையீரலையும் ஒருமுறை படம் எடுத்துப் பார்த்துவிடுவோம்" என்றால் போதும்.