அட்டை எண்ணில் ஒளிந்திருக்கும் 500

கொழும்பு புதுக்கடையில், சட்டத்தரணியான என் மேசைக்கு எதிரே அமர்ந்தவர் புதிய தேசிய அடையாள அட்டையையும் பழைய அட்டையின் போட்டோக்கொப்பியையும் அருகருகே வைத்தார். கொட்டாஞ்சேனைக்காரர், ஒரு தனியார் கம்பனியில் கணக்கு எழுதியவர், திருநங்கை. (அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) "பேரும் படமும் மாறிட்டுது மிஸ். ஆனா பேங்கில நம்பர் பொருந்தேல்லயாம்" என்றார்.

நம் அட்டை எண்ணுக்குள்ளேயே ஆணா பெண்ணா என்று எழுதியிருப்பது பலருக்குத் தெரியாது. பன்னிரண்டு இலக்கத்தில் முதல் நான்கு, பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த நாளோடு 500ஐக் கூட்டிவிடுவார்கள். 1994 பெப்ரவரி 10ஆம் திகதி பிறந்த ஆணின் எண் 1994041 என்று தொடங்கும். பெண்ணின் எண் 1994541 என்று. ஆகவே பால் மாறினால் எண்ணும் மாறவேண்டியிருக்கிறது. எண் மாறியதும் வங்கிக் கணக்கு, ஊழியர் சேமலாப நிதி, ஃபோன் சிம் எல்லாம் வேறு யாரோ ஒருவருடையது போல ஆகிவிடுகின்றன.

அந்தப் புதிய அட்டை வரை வருவதற்கே ஒரு வழி இருக்கிறது. 2016இல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. பதினாறு வயதுக்கு மேற்பட்டவர், மனநல வைத்திய நிபுணரிடம் சென்று, சிகிச்சைப் படிகளைக் கடந்து, பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெறலாம். அதைக் காட்டி பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைத் திருத்தலாம். பிறகுதான் அடையாள அட்டை, கடவுச்சீட்டு. இவ்வளவும் நிற்பது ஒரு சுற்றறிக்கையின்மேல். பாராளுமன்றம் இதற்கென்று தனிச் சட்டம் இயற்றவில்லை.

பாராளுமன்றத்தில் விவாதம் வேறு எங்கோ நடக்கிறது. 2023இல் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் சி. தொலவத்த ஒரு தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தார். தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளைத் திருத்தி, வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் ஒருபாலுறவைக் குற்றமல்லாததாக்குவது அதன் நோக்கம். அது அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றம் அதே ஆண்டு மே மாதம் சொன்னது. ஆனாலும் வாக்கெடுப்பு நடக்கவில்லை. 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தபோது சட்டமூலமும் போயிற்று. இடையில் 2024இல் பால்நிலை சமத்துவச் சட்டமூலம் வந்தது. அது முழுவதுமே அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரைக்கு முரண் என்றும், நிறைவேற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும் என்றும் அதே நீதிமன்றம் தீர்மானித்தது. 12ஆம் உறுப்புரை எதைப் பற்றியது? சமத்துவத்தைப் பற்றியது! சட்டத்தரணிகள் அறையில் அன்று தேநீர் ஆறிப்போகும்வரை இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

எதிர்ப்பவர்களுடைய பயம் என்னவென்று எனக்குத் தெரியும், ஏனென்றால் வெள்ளவத்தையில் இருக்கும் என் சித்தியும் அவர்களில் ஒருவர். "இண்டைக்கு அட்டை குடுப்பினம், நாளைக்குக் கலியாணம் எண்டு வருவினம்" என்பார். கோயிலிலும் தேவாலயத்திலும் பன்சலையிலும் இதே பேச்சுத்தான். சித்தியை நான் முட்டாள் என்று நினைக்கவில்லை. கலியாணத்தைப் பற்றிய சட்டம் ஒன்று, ஒருவரை வேலையிலிருந்து துரத்தலாமா என்பதைப் பற்றிய சட்டம் இன்னொன்று, முதலாவதில் ஒத்துக்கொள்ளாதவர்கள் இரண்டாவதில் ஒத்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை, வடையை என் பக்கம் தள்ளினார்.

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "நான் இப்பிடி இருக்கிறதே குற்றமா மிஸ்?" என்பது. இல்லை. 365உம் 365அவும் செயல்களைப் பற்றியவை. (365அ 1995 வரை ஆண்களுக்கு மட்டும் இருந்தது. அதைத் திருத்தப் போனவர்கள் நீக்காமல் பெண்களுக்கும் சேர்த்துவிட்டார்கள். அதுவும் ஒருவகைச் சமத்துவம்தான்.) திருநராக இருப்பதோ சேலை கட்டுவதோ எந்தப் பிரிவிலும் குற்றமில்லை. ஆனால் வீதியில் நிறுத்தும் பொலிஸார் அதே சட்டக்கோவையின் 399ஆம் பிரிவைச் சொல்வார்கள், ஆள்மாறாட்ட மோசடி என்று. மோசடி என்றால் ஒருவரை ஏமாற்றிப் பொருளைக் கைப்பற்றியிருக்க வேண்டும், அல்லது அவருக்குத் தீங்கு நேரும்படி எதையாவது செய்யவைத்திருக்க வேண்டும். நீளமுடி வைத்துக்கொண்டு பஸ்சுக்கு நின்றால் யாருடைய பொருள் போயிற்று? அதுவும் இல்லையென்றால் 1841ஆம் ஆண்டின் நாடோடிகள் கட்டளைச் சட்டத்தைத் தூக்குவார்கள். எந்தப் பிரிவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாக்குமூலத்தைத் தமிழிலேயே கொடுங்கள். வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதியதில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

சரி, இந்தக் கொட்டாஞ்சேனைக்காரருக்கு வருவோம். வங்கிப் பிரச்சினையைவிடப் பெரியது, அவருடைய வேலை போனது. "கஸ்டமர்மார் ஒரு மாதிரிப் பாக்கினம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடிப்படை உரிமை மனுப் போடலாமா என்று கேட்டார். போட முடியாது. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போவது அரசின் நிறைவேற்று, நிருவாகச் செயலுக்கு எதிராக மட்டும்தான். தனியார் முதலாளி அந்த வட்டத்துக்குள் வருவதில்லை.

இந்த இடைவெளி தமிழர்களுக்குப் புதிதல்ல. 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழர்களை பஸ்சில் ஏற்றி அனுப்பினார்கள். செய்தது அரசு. அதனால் அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க முடிந்தது. அதே காலத்தில் "தமிழ் ஆக்களுக்கு வீடு குடுக்க மாட்டம்" என்ற வீட்டுக்காரர்களை யாரும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவில்லை. இந்தத் திருநங்கையும் வேலை போனபின் தெஹிவளையில் ஒரு அறை பார்க்கப் போயிருக்கிறார். வீட்டுக்காரம்மா அட்டையை வாங்கிப் பார்த்து, பெயரில் வந்து நின்று, தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை என்றாராம். "500 எல்லாம் அவவுக்கு விளங்கேல்ல மிஸ்" என்று சிரித்தார்.

அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரையில் இனம், மதம், மொழி, சாதி, பால் என்று பட்டியல் இருக்கிறது. பால்நிலை அடையாளம் அதில் இல்லை. 'பால்' என்ற சொல்லுக்குள்ளேயே அது அடங்கும் என்று வாதிடலாம். 2014இல் இந்திய உச்ச நீதிமன்றம் அப்படித்தான் வாசித்தது. அதே ஆண்டு ஜெனீவாவில் ஐ.நா. குழுவின் முன் நம் அரசும் 12ஆம் உறுப்புரை இவர்களையும் காக்கிறது என்று சொன்னது. ஜெனீவாவில் சொன்னதைக் கொழும்பில் சட்டமாக எழுதத்தான் ஆளில்லை. எழுதினால் தனியார் வேலை, வாடகை, கடை, கிளினிக் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் கருத்து. அப்படி எழுதினால் தெஹிவளை வீட்டுக்காரம்மாவும் அதற்குள் வருவார்.

அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்துங்கள். அரச அலுவலகமோ பொலிஸோ தவறு செய்தால் ஒரு மாதத்துக்குள் அடிப்படை உரிமை மனுப் போட வேண்டும். பலர் மூன்றாவது மாதம் வருகிறார்கள், நான் கையைப் பிசைகிறேன். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அந்த மாதத்துக்குள் முறைப்பாடு கொடுத்தால் (1996 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம்), விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் வெறும் முறைப்பாட்டுத் துண்டு போதாது, விசாரணை நடக்கிறது என்பதற்கு அவர்களிடம் கடிதம் வாங்கி வைத்திருக்க வேண்டும். பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். தனியார் வேலை போனால், ஆறு மாதத்துக்குள் தொழில் நியாயசபைக்கு. பாகுபாடு என்று அங்கே வழக்காட முடியாது, நியாயமற்ற வேலைநீக்கம் என்று வழக்காடலாம். கொட்டாஞ்சேனைக்காரரின் விண்ணப்பத்தை அப்படித்தான் எழுதினேன்.

வங்கிக்கு ஒரு சத்தியக்கடதாசி தயாரித்தோம், பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உரியவர் ஒருவரே என்று. அதை சமாதான நீதவான் முன்னால் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார். சேமலாப நிதி இன்னும் இழுபடுகிறது. போகும்போது பழைய அட்டையின் போட்டோக்கொப்பியைக் காட்டி, "இதைக் கிழிச்சுப் போடவா மிஸ்? பாக்கவே பிடிக்கேல்ல" என்றார். வேண்டாம், இன்னும் மூன்று பிரதி எடுத்து வையுங்கள் என்றேன்.