நீளமே கவசம்: போர்க்காலத்தில் குயின் மேரி

1943 ஜூலை 25 அன்று நியூயார்க்கிலிருந்து ஸ்காட்லாந்துக்குக் கிளம்பிய குயின் மேரியில் 16,683 பேர் இருந்தார்கள். அமைதிக் காலத்தில் ஏறத்தாழ 2,100 பயணிகளுக்காகக் கட்டப்பட்ட கப்பல் அது. ஒரே கப்பலில் இத்தனை பேர் கடல் கடந்தது இன்றும் உலகச் சாதனையாகவே நிற்கிறது. அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் இரை தேடித் திரிந்த ஆண்டு அது. அப்படியிருந்தும் நடுக்கடலில் அதற்குத் துணைப் போர்க்கப்பல் கிடையாது. ஒரு நகரத்து மக்கள்தொகையையே தனியாக அனுப்பும் துணிவு எங்கிருந்து வந்தது? விடை கப்பலின் நீளத்தில் இருக்கிறது.

பிரிட்டனின் குனார்டு கப்பல் நிறுவனம் இந்தக் கப்பலைத் திட்டமிட்டபோது போரை மனத்தில் வைக்கவில்லை. சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வாரம் ஒரு கப்பல் என்ற சேவைக்கு அதுவரை மூன்று கப்பல்கள் தேவைப்பட்டன. அதை இரண்டே கப்பல்களால் நடத்த வேண்டும் என்பதுதான் கணக்கு. அதற்கு மணிக்கு 53 கிலோமீட்டர் வேகத்தில் நாள்கணக்கில் இளைக்காமல் ஓட வேண்டும். ஸ்காட்லாந்தின் கிளைடு ஆற்றங்கரையில் ஜான் பிரவுன் கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்டு 1936-இல் முதற்பயணம் போன குயின் மேரி 310 மீட்டர் நீளம் கொண்டதாக அமைந்தது இதனால்தான்.

நீளத்துக்கும் வேகத்துக்கும் என்ன உறவு? ஓடும் கப்பல் தண்ணீரைத் தள்ளி அலை எழுப்புகிறது. அந்த அலை கப்பலின் வேகத்திலேயே கூட ஓடிவரும். ஆழ்கடலில் அலையின் வேகம் அதன் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. வேகமான அலை நீளமானது. கப்பல் விரைய விரைய அது எழுப்பும் அலையும் நீண்டுகொண்டே போகும். ஒரு கட்டத்தில் அலையின் நீளம் கப்பலின் நீளத்தை எட்டிவிடும். அதற்கு மேல் கப்பல் தானே எழுப்பிய அலைமேட்டின் மீது ஓயாமல் ஏற வேண்டிய நிலை. எஞ்சின் சக்தியில் பெரும்பகுதி அந்த ஏற்றத்திலேயே கரைந்துவிடும்.

300 மீட்டர் நீளத்துக்குக் கணக்கிட்டால் அந்த எல்லை மணிக்கு 78 கிலோமீட்டர். குயின் மேரி அதற்கு வெகு கீழே நிம்மதியாக ஓடியது. துணைக்குப் போகும் நாசகாரி (destroyer) என்ற சிறு போர்க்கப்பலுக்கு நீளம் ஏறத்தாழ 100 மீட்டர்; அதற்கு அதே எல்லை 45 கிலோமீட்டர்தான். கடல் அமைதியாக இருந்தால் அசுர எஞ்சினைக் கொண்டு அதையும் தாண்டி ஓடும். அட்லாண்டிக்கின் கொந்தளிப்பில், எண்ணெயையும் மிச்சப்படுத்திக்கொண்டு, நாள்கணக்கில் அப்படி ஓட முடியாது. துணைக்கு வந்த கப்பலாலேயே ஈடுகொடுக்க முடியவில்லை என்பதால்தான் குயின் மேரி தனியாகப் போனது.

எதிரிக்கும் இதே விதிதான். ஜெர்மனியின் ஏழாம் வகை நீர்மூழ்கி 67 மீட்டர் நீளம். நீர்மட்டத்தில் 33 கிலோமீட்டர் வேகம். மூழ்கிவிட்டால் மின்கலத்தின் தயவில் 14 கிலோமீட்டர், அதுவும் சிறிது நேரமே. இப்போது ஒரு தாளில் வரைந்து பார்க்கலாம். 53 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கப்பலை, 14 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் நீர்மூழ்கி வழிமறிக்க வேண்டுமானால், கப்பலின் முகத்துக்கு நேர்முன்னே இருபுறமும் 15 டிகிரி கொண்ட ஒரு குறுகிய கூம்புக்குள் அது முன்பே இருந்தாக வேண்டும். அதற்கு வெளியே இருந்தால் எவ்வளவு விரட்டினாலும் நெருங்க முடியாது. பின்னாலிருந்து டார்பிடோ என்ற நீருக்கடி ஏவுகுண்டை விட்டாலும் பயன் குறைவு. மின்சார டார்பிடோவின் வேகமே 55 கிலோமீட்டர்தான்.

அந்தக் குறுகிய கூம்பையும் நிலையாக விடவில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை கப்பல் திசை திருப்பி ஓடியது. கூம்பும் கூடவே திரும்பும். காத்திருந்த நீர்மூழ்கி சட்டென்று கூம்புக்கு வெளியே கிடக்கும்.

சாம்பல் வண்ணம் பூசி, 1940-இல் சிட்னியில் படைக்கப்பலாக மாற்றப்பட்ட குயின் மேரி, முதலில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை ஏற்றிச் சென்றது. சிட்னியிலிருந்து சூயஸ் போகும் வழியில் எண்ணெய் நிரப்ப நம் திருகோணமலைத் துறைமுகத்திலும் நின்றிருக்கிறது. வட அட்லாண்டிக் குளிருக்காகக் கட்டிய கப்பல் செங்கடல் வெயிலில் சூளையாகிவிட்டது. உள்ளே அடைபட்டவர்களின் நிலையை நினைத்தாலே மூச்சு முட்டுகிறது. அமெரிக்கா போரில் இறங்கியபின் அதன் வேலை அட்லாண்டிக்குக்கு மாறியது. நீச்சல் குளத்தில்கூடப் படுக்கைகளை அடுக்கினார்கள். வீரர்கள் முறைவைத்துத் தூங்கினார்கள். நாளைக்கு இரண்டு வேளைதான் சாப்பாடு.

ஒவ்வொரு வீரனுக்கும் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று ஒரு நிறத்தில் சட்டையில் குத்திக்கொள்ள அடையாளம் தரப்பட்டது. கப்பலின் மூன்று பகுதிகளுக்கு மூன்று நிறங்கள்; தன் பகுதியை விட்டு நகரக்கூடாது. கெடுபிடியாகத் தோன்றலாம், இதற்குப் பின்னால் இயற்பியல் இருந்தது. 15,000 பேரின் எடை ஆயிரம் டன்னுக்கு மேல். ஏறக்குறைய 80,000 டன் கப்பலில் அது சிறு பங்குதான். ஆனால் அத்தனை பேரும் வேடிக்கை பார்க்க ஒரே பக்கம் பத்து மீட்டர் நகர்ந்தால், கப்பலின் ஈர்ப்பு மையம் பக்கவாட்டில் 14 சென்டிமீட்டர் வரை விலகிவிடும். உடனே கப்பல் சாயும். 36 மீட்டர் அகலமுள்ள கப்பல் 5 டிகிரி சாய்ந்தால் ஒரு பக்கத்து அடிவிளிம்பு ஒன்றரை மீட்டர் கீழே இறங்கும். நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றின் அடியில் ஹாலந்து சுரங்கச்சாலை ஓடுகிறது. பாரம் நிறைந்த கப்பலுக்கு அங்கே இடைவெளி மிகக் குறைவு. அதைக் கடந்து முடியும்வரை வீரர்கள் அசையாமல் இருக்க வேண்டும் என்பது கட்டளை.

இந்த வேகம் ஒருமுறை நட்பு உயிர்களையே குடித்தது. 1942 அக்டோபர் 2, அயர்லாந்தின் வடக்குக் கடல். கரையை நெருங்கிய குயின் மேரிக்கு வான்தாக்குதலிலிருந்து பாதுகாப்புத் தர வந்தது குராசோவா என்ற பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பல். நீளம் 137 மீட்டர். திசை மாற்றி மாற்றி ஓடியதால் குயின் மேரி நிகரமாக முன்னேறியது மணிக்கு 49 கிலோமீட்டர். நேர்கோட்டில் ஓடியும் குராசோவாவால் அதைவிடச் சற்றுக் குறைவான வேகமே எட்ட முடிந்தது. முன்னே இருந்த குராசோவாவைப் பெரிய கப்பல் மெல்ல மெல்ல எட்டிப் பிடித்தது. மற்றவர் விலகுவார் என்று இரு தலைவர்களும் நம்பினார்கள். ஒரு திருப்பத்தில் குயின் மேரியின் கூர்முகம் குராசோவாவை இரண்டாக அறுத்துவிட்டது. சில நிமிடங்களில் அது மூழ்கியது.

330-க்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டார்கள். தப்பியவர்கள் நூறு பேர் அளவில்தான். தண்ணீரில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றக் குயின் மேரி நிற்கவில்லை. எந்த நிலையிலும் நிற்கக்கூடாது என்பது அதற்கு இடப்பட்டிருந்த கட்டளை. நின்றுவிட்டால் கூம்புக் கணக்கெல்லாம் பொய்த்துவிடும். எந்த நீர்மூழ்கிக்கும் அசையாத இலக்காகிவிடும். உள்ளே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள். உடைந்த முகத்தோடு வேகத்தைக் குறைத்துக்கொண்டு அது போய்க்கொண்டே இருந்தது. மற்றக் கப்பல்கள் சில மணி நேரம் கழித்து வந்துதான் உயிரோடிருந்தவர்களை மீட்டன. ஸ்காட்லாந்தில் கப்பலின் முன்பக்கத்தைச் சிமெண்ட் கொட்டி அடைத்தார்கள். செய்தி போர் முடியும்வரை வெளியிடப்படவில்லை.