ஃபில்டர்: எடுப்பதா, விடுவதா?

புள்ளியியல் மென்பொருளில் ஃபில்டர் என்றால் என்ன என்று கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடலாம். அட்டவணையில் ஒரு நிபந்தனைக்குப் பொருந்துகிற நிரைகளை, அதாவது கிடைவாக்கில் உள்ள வரிசைகளை, மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. பெண்கள் மட்டும், 2015க்குப் பிறகு நடந்தவை மட்டும், ஓசோன் 100ஐத் தாண்டிய நாட்கள் மட்டும் என்பது போல. தமிழில் வடிகட்டு, வடிகட்டி, வடிகட்டல் என்று எழுதுகிறோம். அகராதிக்கு இது போதும். வேலை செய்கிறவருக்குப் போதாது. 'ஓசோன் 100க்கு மேல் இருப்பதை வடிகட்டு' என்று சொன்னால் அந்த நாட்களை எடுத்துத் தர வேண்டுமா, தூக்கி எறிய வேண்டுமா? இரண்டு விதமாகவும் புரிந்துகொள்ள இடம் இருக்கிறது.

ஆங்கிலச் சொல்லுக்கே இந்தக் குழப்பம் பிறவியிலேயே உண்டு. ஃபில்டர் என்பது இடைக்கால லத்தீன் 'ஃபில்ட்ரம்' வழியாக, பழைய பிரெஞ்சைத் தொட்டு ஆங்கிலத்துக்கு வந்தது. ஃபில்ட்ரம் என்றால் கம்பளி மயிரை நெய்யாமல் அழுத்திச் செய்த துணி. ஃபெல்ட் தொப்பி என்கிறோமே, அதே ஃபெல்ட். லத்தீன் அதை ஜெர்மானிய மொழிகளிடமிருந்து வாங்கியது. அந்தத் துணியில் திரவத்தை ஊற்றி வடிப்பது வழக்கமாக இருந்ததால், துணியின் பெயர் கருவிக்கும், கருவியின் பெயர் செயலுக்கும் போனது. துணியில் ஊற்றினால் ஒரு பகுதி மேலே தங்கும், ஒரு பகுதி கீழே இறங்கும். எது நமக்கு வேண்டியது என்பதைச் சொல் சொல்வதில்லை. மின்னஞ்சலில் ஸ்பாம் ஃபில்டர் என்றால் ஸ்பாம் வெளியே போக வேண்டும். கடை இணையதளத்தில் நிறம் நீலம் என்று ஃபில்டர் போட்டால் நீலம்தான் உள்ளே நிற்க வேண்டும். சொல் ஒன்று, திசை இரண்டு.

தமிழ் 'வடி'யைப் பாருங்கள், அச்சு அசலாக இதே கதை. சோறு வடித்தேன் என்றால் வேண்டியது மேலே தங்கிய சோறு, இறங்கியது கஞ்சி. பாலை வடிகட்டினேன் என்றால் வேண்டியது இறங்கிய பால், தங்கியது ஆடையும் தூசியும். வடிகட்டு என்பதை வடி, கட்டு என்று பிரித்தால், பாத்திரத்தின் வாயில் துணியைக் கட்டி வடிப்பது கண்ணுக்குத் தெரிகிறது. வேடு கட்டுவது என்று இதற்குத் தனிப் பெயரே உண்டு. ஃபெல்ட் துணி அங்கே, வேட்டுத் துணி இங்கே. 'வடிகட்டின முட்டாள்' என்று திட்டும்போது மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை, கலப்படமே இல்லாமல் எஞ்சியது முட்டாள்தனம்தான்.

இந்தத் திசைச் சிக்கலை நம் இலக்கணக்காரர் ஒருவர் நன்றாகவே கவனித்திருக்கிறார். பவணந்தி முனிவரின் நன்னூல் மாணாக்கர்களைத் தரம் பிரிக்கும்போது, முதல் வகைக்கு அன்னத்தையும் கடைசி வகைக்கு 'நெய்யரி'யையும் உவமை சொல்கிறது. அன்னம் நீரை விலக்கிப் பாலை எடுத்துக்கொள்ளும் என்பது கவிமரபு. நெய்யரி என்பது நெய்யை வடிக்கப் பயன்படும் பன்னாடை. அது நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும். இரண்டுமே பிரிக்கின்றன, இரண்டுமே ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றை விடுகின்றன. வைத்துக்கொண்டது எது என்பதில்தான் தலைமாணாக்கருக்கும் கடைமாணாக்கருக்கும் வேறுபாடு. பன்னாடை இன்று வசைச் சொல்லாகிவிட்டது. பாவம், கருவியாக அது செய்த வேலை சரியான வேலைதான்.

சரி, மென்பொருளுக்கு வருவோம். புள்ளியியலுக்கான நிரல்மொழியான ஆரில் இன்று பலரும் பயன்படுத்தும் டிப்ளையர் என்ற துணைத் தொகுப்பு 2014இல் வெளிவந்தது, ஹாட்லி விக்கம் முன்னின்று உருவாக்கியது. அதில் ஃபில்டர் என்பது வினைச்சொல். அடைப்புக்குள் எழுதும் நிபந்தனை, எந்த நிரைகள் தங்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. அதாவது அன்னம். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் நேர்வுகளை (நிரைகளுக்கு அங்கே அதுதான் பெயர்) தேர்ந்தெடுக்கும் பெட்டியைத் திறந்தால், 'தேர்ந்தெடுக்கப்படாதவற்றை ஃபில்டர் செய்' என்ற பொருளில் ஒரு தெரிவு இருக்கும். இங்கே ஃபில்டர் ஆவது வெளியே போகிற நிரை. அதாவது நெய்யரி. ஒரே துறை, ஒரே சொல், இரு மென்பொருளுக்கு இடையே பொருள் தலைகீழ்.

எஸ்பிஎஸ்எஸ்ஸில் இன்னொரு வேறுபாடும் உண்டு, இதுதான் பலரையும் கவிழ்ப்பது. ஃபில்டர் போட்டால் விலக்கிய நிரைகள் கோப்பிலேயே இருக்கும். அவற்றின் வரிசை எண்ணின் மேல் குறுக்குக் கோடு விழும், யார் உள்ளே யார் வெளியே என்று 0, 1 போட்டு ஒரு புதிய நிரல், அதாவது செங்குத்து வரிசை, உருவாகும். ஃபில்டரை எடுத்துவிட்டால் எல்லாம் திரும்பி வரும். ஆனால் செலக்ட் இஃப் என்ற கட்டளையைத் தனியாகக் கொடுத்தால், பொருந்தாத நிரைகள் அந்தத் தரவுத்தொகுப்பிலிருந்து போயே போய்விடும். அதன்மேல் கோப்பைச் சேமித்தால் கதை முடிந்தது. ஸ்டேட்டா என்ற இன்னொரு புள்ளியியல் மென்பொருள் இந்த இடத்தில் நேர்மையானது. அங்கே 'கீப் இஃப்', 'டிராப் இஃப்' என்று இரண்டு கட்டளைகள், வைத்துக்கொள் என்று ஒன்று, விட்டுவிடு என்று ஒன்று. படித்தவுடனே திசை தெரிகிறது. எனக்குப் பிடித்தது இந்த வழிதான்.

தரவுத்தளங்களிடம் கேள்வி கேட்கப் பயன்படும் எஸ்க்யூஎல் மொழியில் நிரைகளைப் பிரிப்பது 'வேர்' (where) என்ற பகுதி. செலக்ட் என்று தொடங்குவதோ நிரல்களைக் குறிப்பிட. அந்த மொழிக்கு அடிப்படையான உறவுமுறை இயற்கணிதத்தில் 'செலக்‌ஷன்' என்றால் நிரைகளை எடுப்பது என்று படித்துவிட்டு இங்கே வருகிற மாணவர் தலையைச் சொறியத்தான் வேண்டும். பைத்தானின் பாண்டாஸ் தொகுப்பு அதற்கும் மேல். அதன் தரவுச் சட்டகத்தில், அதாவது அட்டவணையில், ஃபில்டர் என்றே ஒரு செயல் இருக்கிறது. ஆனால் அது உள்ளே இருக்கும் மதிப்புகளைப் பார்ப்பதே இல்லை, நிரை நிரல்களின் பெயர்களை மட்டும் பார்க்கும். மதிப்பை வைத்து நிரைகளை எடுக்க வேண்டுமென்றால் க்வெரி என்ற செயலையோ சதுர அடைப்பையோ நாட வேண்டும்.

திசை தெரிந்துவிட்டால் ஆபத்து தீர்ந்ததா என்றால், இல்லை. விடுபட்ட மதிப்பு என்று ஒன்று இருக்கிறது, அட்டவணையில் மதிப்பு பதியாமல் போன இடம். ஆர் மொழியோடு சேர்ந்தே வரும் 'ஏர்குவாலிட்டி' என்ற அட்டவணையை எடுத்துக்கொள்வோம். 1973 மே முதல் செப்டம்பர் வரை நியூயார்க்கின் காற்றைத் தினமும் அளந்த பதிவு, மொத்தம் 153 நாட்கள். அதில் 37 நாட்களுக்கு ஓசோன் அளவு இல்லை. ஓசோன் 100ஐத் தாண்டிய நாட்கள் எத்தனை?

டிப்ளையரின் ஃபில்டர் 7 நிரைகளைத் தரும். அளவே இல்லாத நாட்களில் 'தாண்டியதா' என்ற கேள்விக்கு விடை 'தெரியாது'. தெரியாதவற்றை அது விட்டுவிடுகிறது. அதே நிபந்தனையை ஆரின் பழைய சதுர அடைப்பில் எழுதினால் 44 நிரைகள் வரும், அவற்றில் 37 வெறும் என்ஏக்களால் (விடுபட்டதற்கு ஆர் இடும் குறி) நிரம்பியவை. ஸ்டேட்டாவில் 'கீப் இஃப்' கொடுத்தாலும் 44தான், ஆனால் காரணம் வேறு. ஸ்டேட்டா விடுபட்ட மதிப்பை எந்த எண்ணையும் விடப் பெரியதாகக் கருதுகிறது. ஆகவே அளக்காத நாளெல்லாம் அதன் கண்ணில் ஓசோன் மிகுந்த நாள். சாஸ் மென்பொருள் நேர் எதிர், விடுபட்டது எல்லா எண்ணையும் விடச் சிறியது என்று வைத்துக்கொள்ளும். அங்கே '100 அல்லது அதற்குக் கீழ்' என்று கேட்டால், உண்மையான 109 நாட்களோடு அந்த 37ம் சேர்ந்து 146 ஆகிவிடும். எந்த மென்பொருளும் பிழைச்செய்தி காட்டாது. நிபந்தனையில் 'விடுபடாதவை' என்பதையும் கூடவே எழுதிவிடுவதுதான் ஒரே வழி.

இதில் இன்னும் ஒன்று. அந்த 37இல் 21 நாட்கள் ஜூன் மாதத்தவை. ஆக, விடுபட்டதையெல்லாம் விலக்கிவிட்டு மாதச் சராசரி போட்டால், ஜூன் என்று நாம் சொல்வது 30 நாட்களில் 9 நாட்களைத்தான். நிபந்தனையில் ஜூனைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் அடி ஜூனுக்குத்தான் விழுகிறது.

இப்போது தமிழ்ச் சொல். வடிகட்டு நிலைபெற்றுவிட்டது. பட்டனிலும் பட்டியலிலும் அதுவே இருக்கட்டும், மாற்றினால் யாருக்கும் லாபமில்லை. ஆனால் கையேடு, ஆய்வேடு, வகுப்புக் குறிப்பு எழுதும்போது அதைத் தனியாக விடக்கூடாது என்பது என் கருத்து. ஆங்கிலத்துக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு, துணைவினை. வடித்தெடு என்றால் எடுத்துக்கொள்கிறோம். வடித்துவிடு என்றால் போகவிடுகிறோம். 'எடு', 'விடு' சேர்ந்தவுடனேயே திசை முடிவாகிவிடுகிறது. இன்னும் நேராகச் சொல்லலாம். டிப்ளையரின் ஃபில்டருக்கும் ஸ்டேட்டாவின் கீப்புக்கும் 'பிரித்தெடு'. டிராப்புக்கு 'நீக்கிவிடு'. எஸ்பிஎஸ்எஸ்ஸில் போட்டு எடுக்கிற ஃபில்டருக்கு 'ஒதுக்கிவை'. பிறகு வேண்டும் என்ற எண்ணத்தோடு ஓரமாக வைப்பதைத்தான் 'வை' காட்டுகிறது. எக்செல் ஃபில்டரும் இந்த வகையே. நிரைகள் மறைகின்றன, அழிவதில்லை. அதனால்தான் சம் சூத்திரம் மறைந்தவற்றையும் சேர்த்தே கூட்டுகிறது, தெரிவதை மட்டும் கூட்ட சப்டோட்டல் வேண்டியிருக்கிறது.

சிலர் 'சலி' என்பதைப் பரிந்துரைக்கிறார்கள். சல்லடை நல்ல படிமம்தான், ஆனால் சல்லடை போட்டுத் தேடுவது என்றால் ஒன்றும் விடாமல் தேடுவது என்று ஏற்கெனவே பொருள் குடியேறிவிட்டது. பேச்சில் 'சலிச்சுப் போச்சு' வேறு வந்து குறுக்கே நிற்கும். 'புடை' பதரை ஓட்டுவதோடு நிற்கிறது. தரவைச் சுத்தம் செய்வதற்கு வேண்டுமானால் அது பொருந்தும். 'பொறுக்கு' என்பதிலும் அதே இரட்டைத் திசை: சிந்திய நெல்லைப் பொறுக்கினால் எடுப்பது, அரிசியில் கல் பொறுக்கினால் எறிவது.

நிரை, நிரல் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளிக் கணக்கில் அணிகள் பாடத்தில் கிடைவாக்கில் இருப்பது நிரை, செங்குத்தாக இருப்பது நிரல். விரிதாளில் இவற்றையே வரிசை, நெடுவரிசை என்கிறார்கள். புள்ளியியலில் நிரை, நிரல் என்றே எழுதுவது நல்லது, ஏனென்றால் வரிசைப்படுத்துதல் என்று இன்னொரு செயல் அங்கே இருக்கிறது. நிரலுக்கும் ஒரு தொல்லை உண்டு, கணினித் துறை அதை நிரலாக்கத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. 'நிரலில் ஒரு நிரலைச் சேர்' என்று எழுத நேர்ந்தால் சிரித்துவிட்டுக் கடந்துபோக வேண்டியதுதான்.

அப்புறம், டிப்ளையரை ஏற்றும்போது திரையில் ஓர் அறிவிப்பு வருமே, ஆரோடு சேர்ந்தே வரும் ஸ்டாட்ஸ் தொகுப்பின் ஃபில்டர் மறைக்கப்பட்டது என்று. அந்த ஃபில்டர் வேறு வம்சம். மின்சுற்றிலிருந்தும் குறிகைச் செயலாக்கத்திலிருந்தும் (சிக்னல் ப்ராசஸிங்) வந்தது, 1960இல் கால்மன் வகுத்த ஃபில்டரும் அந்தக் குடும்பமே. காலத்தொடரின், அதாவது கால வரிசையில் அளந்த மதிப்புகளின், ஏற்ற இறக்கங்களை நகரும் சராசரி கொண்டு மழமழவென்று ஆக்குவது அதன் வேலை. அது எந்த நிரையையும் எடுப்பதுமில்லை, விடுவதுமில்லை, ஒவ்வொரு மதிப்பையும் அக்கம்பக்கத்தோடு கலந்து புதிய மதிப்பாக்குகிறது. மின்னணுவியலில் வழங்கும் 'வடிப்பான்' என்ற சொல்லை அதற்கு விட்டுவிட்டு, நிரைகளுக்கு 'பிரித்தெடு' என்று வைத்துக்கொண்டால் இரண்டும் மோதாது.